கொல்லிமலை அடிவாரத்துக்கு நடந்து வந்த ரோமாபுரி சந்நியாசி: ஒரு பூணூலுக்காக இரண்டு பேராயர்கள் மோதிய கதை

கொல்லிமலைக்கு பைக் ட்ரிப் போகிறவர்களுக்கு சேந்தமங்கலம் என்பது டீ குடிக்க நிற்கிற ஊர். நாமக்கல்லில் இருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லோருடைய கவனமும் அந்த 70 வளைவுகள் மேலேயே இருப்பதால், கீழே இருக்கிற ஊரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் 1623-ம் ஆண்டில் இந்த சேந்தமங்கலத்துக்கு ஒருவர் திருச்சியில் இருந்து வந்து சேர்ந்தார். காவி உடை, காலில் மரப் பாதக்குறடு, கையில் கமண்டலம். ஒருவேளை மட்டும் சாப்பாடு, அதுவும் சைவம். வயது 45. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் தெரியும். சேந்தமங்கலத்தை அப்போது ஆண்டவர் ராமச்சந்திர நாயக்கர், மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர். அவர் இந்த சந்நியாசியை மரியாதையோடு வரவேற்றார்.

சந்நியாசியின் பெயர் தத்துவ போதகர். பெற்றோர் வைத்த பெயர் ராபர்ட் டி நொபிலி. இத்தாலிக்காரர், கத்தோலிக்கத் துறவி.

அவர் நடந்து வந்துகொண்டிருந்த அந்த ஆண்டில்தான், அவருடைய சீடர்கள் தலையில் குடுமி வைக்கலாமா, தோளில் பூணூல் போடலாமா என்ற கேள்விக்கு ரோமில் ஒரு போப் முடிவு சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் பல வருஷங்களாக அந்தக் கேள்வியில் இரண்டு பேராயர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கோவாவில், இன்னொருவர் கொடுங்கல்லூரில்.

யார் இந்த நொபிலி, பேராயர்களுக்குள் என்ன சண்டை, அதில் நம்ம ஊர்ப்பக்க கிராமங்களுக்கு என்ன ஆனது? பார்க்கலாம்.

போப் குடும்பத்துப் பையன்

நொபிலி பிறந்தது 1577 செப்டம்பரில். இத்தாலியின் டஸ்கனி பகுதியைச் சேர்ந்த பிரபுக் குடும்பம். போப் மூன்றாம் ஜூலியஸ் இவர்களுக்கு உறவு. இன்னொரு உறவினர் கர்தினால் பெல்லார்மின். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை 1616-ல் கூப்பிட்டு எச்சரித்தாரே, அதே பெல்லார்மின்தான். உறவுமுறையில் நொபிலிக்கு மாமா.

இப்படிப்பட்ட வீட்டின் மூத்த பையனுக்கு சொத்து, பதவி, படை எல்லாம் தயாராக இருந்தது. அவர் இயேசு சபையில் சேர்ந்தார். 1604-ல் லிஸ்பனில் கப்பல் ஏறி, 1605 மே மாதம் கோவாவில் இறங்கினார். கொஞ்ச நாள் கொச்சி, கொஞ்ச நாள் முத்துக்குளித்துறை. 1606 நவம்பரில் மதுரை.

மதுரையில் ஏற்கெனவே ஒரு மிஷன் இருந்தது. நடத்தியவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். முன்னாள் போர்த்துகீசிய சிப்பாய், பிறகு துறவி. நல்ல மனிதர், பள்ளிக்கூடம் வைத்தார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். கடற்கரையில் இருந்து வியாபாரத்துக்கு மதுரை வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். ஆனால் பதினோரு வருஷ உழைப்பில் மதுரைக்காரர் ஒருவர்கூட மதம் மாறவில்லை.

ஏன் என்று நொபிலி ஊருக்குள் விசாரித்தார். பதில் ஒரே சொல்லில் கிடைத்தது: பரங்கி.

'பரங்கி' என்றால் என்ன பிரச்சினை?

பரங்கி என்பது போர்த்துகீசியர்களுக்கு ஊர் வைத்த பெயர். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர், குடிக்கிறவர், குளிக்காதவர், தோல் செருப்போடு எங்கும் நுழைகிறவர், யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்ற அத்தனை அர்த்தமும் அதற்குள் இருந்தது. இதில் பெரிய காமெடி, மிஷன்காரர்களே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இருந்ததுதான். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேர சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்தவ மதத்துக்கு அதுதான் தமிழ்ப் பெயர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கிறவர் காதில் அது சாதியை விட்டு வெளியே வா என்று விழுந்தது.

நொபிலி எடுத்த முடிவு அதிரடியானது. நான் பரங்கி இல்லை என்று அறிவித்தார். தனியாக வீடு எடுத்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு காவி கட்டினார். கறி, மீன், முட்டை, மது எல்லாம் நின்றது. சமையலுக்கு பிராமணர். ரோமில் இருந்து வந்த அரச குலத்தவர், இப்போது துறவி என்று தன்னை அடையாளப்படுத்திக்கொண்டார். இது பொய் என்று சொல்ல முடியாது, முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. இதெல்லாம் அவர் தன்னிஷ்டத்துக்குச் செய்தது இல்லை. மேலதிகாரியான அல்பெர்தோ லாயெர்சியோவிடமும் கொடுங்கல்லூரின் பிரான்சிஸ்கோ ரோஸிடமும் அனுமதி வாங்கித்தான் செய்தார்.

முதலில் வந்தது ஒரு பள்ளி ஆசிரியர். இருபது நாள் நொபிலியோடு வாதம் செய்துவிட்டு ஞானஸ்நானம் வாங்கினார். அப்புறம் சிவதர்மன் என்ற தெலுங்கு பிராமணர் வந்தார். சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர். வேதத்தை அந்நியருக்குக் காட்டுவது அன்று உயிரோடு விளையாடுகிற காரியம், பயந்துகொண்டே காட்டினார். ஐரோப்பியர் ஒருவர் சமஸ்கிருதத்தை முறையாகப் படித்தது அநேகமாக அதுதான் முதல் முறை. 1609-ல் சிவதர்மனும் கிறிஸ்தவர் ஆனார். ஆனால் குடுமியை எடுக்கவில்லை, பூணூலைக் கழற்றவில்லை. நொபிலி அதைக் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் தீ பற்றியது.

பக்கத்து வீட்டில் இருந்த பெர்னாண்டஸின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதினோரு வருஷம் தனியாக மாடாய் உழைத்த மனிதர். நேற்று வந்த இருபத்தொன்பது வயது ஜூனியர், அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறார். அவர் கோயிலுக்கு வருகிற பரதவர்கள் ஒரு பக்கம், நொபிலியின் சீடர்கள் வேறு பக்கம். ஒரே மதத்துக்கு ஒரே ஊரில் இரண்டு கோயில்கள். 1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு நீளமான புகார் அனுப்பினார். ஈகோ என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அவர் கேட்டது சரியான கேள்வி: சாதிக்கு ஏற்றபடி சபையையே இரண்டாகப் பிரித்தால் அதற்குப் பிறகு அது என்ன சபை?

இரண்டு பேராயர்கள், ஒரு எல்லை

புகார் இப்போது மதுரையை விட்டு மேலே போகிறது. மேலே ஏற்கெனவே வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. இந்தியாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடம் கோவா. ஆயர்களை நியமிக்கும் உரிமையை போர்ச்சுகல் அரசருக்கு போப்கள் கொடுத்திருந்தார்கள். ஆனால் போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனிப் பேராயர், தனி வழிபாடு, சிரியாக் மொழி. 1599-ல் கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு சபை கூட்டி அவர்களைத் தன் அதிகாரத்தின் கீழ் கொண்டுவந்தார். அவர்களுடைய பேராயர் நாற்காலி, கோவாவுக்குக் கட்டுப்பட்ட சாதாரண ஆயர் நாற்காலியாக இறக்கப்பட்டது. அதில் உட்கார்ந்தவர்தான் பிரான்சிஸ்கோ ரோஸ். கட்டலோனியாவில் பிறந்த இயேசு சபைத் துறவி, சிரியாக்கும் மலையாளமும் படித்தவர். பல வருஷம் கடிதம் எழுதி, 1608-ல் அந்த நாற்காலிக்குப் பழைய பேராயர் அந்தஸ்தை ரோம் திருப்பிக் கொடுத்தது. தலைமையிடம் கொடுங்கல்லூர். மதுரை மிஷன் அவருடைய எல்லைக்குள் வந்தது.

கோவாவில் மெனேசிஸுக்குப் பிறகு கிறிஸ்தோவாவோ டி சா வந்து உட்கார்ந்தார். கோவாவில் மதம் மாறினால் போர்த்துகீசியப் பெயர், போர்த்துகீசிய உடை. பழைய அடையாளம் எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் விசாரிக்க 1560-ல் இருந்து அங்கே இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றம் இருந்தது. அந்தச் சூழலில் இருந்து பார்க்கிறவருக்கு மதுரையில் பூணூலோடு திரியும் கிறிஸ்தவர் எப்படித் தெரிவார்? விக்கிரக வழிபாட்டை விடாமலேயே பேர் மட்டும் மாற்றிக்கொண்டவராகத்தான் தெரிவார்.

ரோஸ் பார்த்தது வேறு. உள்ளூர்ப் பழக்கவழக்கத்தோடேயே நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களாக இருந்த ஒரு சமூகத்துக்கு அவர் பேராயர். கிறிஸ்தவராக இருக்க போர்த்துகீசியராக மாற வேண்டியதில்லை என்பதற்கு அவர் கண் முன்னால் ஆயிரக்கணக்கான ஆட்கள் நின்றார்கள். அதனால் நொபிலி பக்கம் நின்றார். கோவாவிடம் மறுபடியும் அடங்கிப் போகக்கூடாது என்ற கணக்கும் அதில் கலந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் இதே சண்டை எப்படி நடந்தது?

இரண்டு பேராயர்கள் மோதினால் என்ன ஆகும் என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். நொபிலிக்கு ஐந்து வயது இருக்கும்போது, 1582 டிசம்பரில், ஜெர்மனியின் கொலோன் பேராயர் கெப்ஹார்ட் ட்ரூக்சஸ் கத்தோலிக்கத்தை விட்டு சீர்திருத்தப் பக்கம் போனார். அடுத்த பிப்ரவரியில் ஆக்னஸ் என்ற பிரபுக்குலப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் பதவியை விடவில்லை. 1583 மே மாதம் பவேரியாவின் எர்ன்ஸ்ட் போட்டிப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே பேராயர் என்பவர் நாட்டை ஆள்கிற அரசரும்கூட. அதனால் படைகள் வந்தன. ஸ்பெயின், பவேரியா, டச்சுக்காரர்கள் எல்லோரும் உள்ளே இறங்கினார்கள். ரைன் நதிக்கரையில் கோட்டைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1586-ல் நாய்ஸ் நகரம் எரிந்தது. கூலிப்படைக்கு ஒழுங்காகச் சம்பளம் போகாதபோது கிராமங்கள்தான் சம்பளம். தானியம், மாடு எல்லாம் போனது. 1588 வரை இது நடந்தது. எந்தப் பேராயர் ஜெயித்தார் என்பது வயலை இழந்த விவசாயிக்கு எந்த வித்தியாசத்தையும் தந்திருக்காது. ஜெயித்தது எர்ன்ஸ்ட்.

இந்தியாவில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. மதுரை, திருச்சி, சேந்தமங்கலம், சேலம் எல்லாம் நாயக்கர் ஆட்சி. பேராயர்களுக்கு இங்கே ஒரு சிப்பாய்கூட கிடையாது. இங்கே ஆயுதம் கடிதம், தடை உத்தரவு, விசாரணைக் குழு. எரிந்தது வீடு அல்ல. ஆனால் கிராமத்தில் இருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை.

1613-ல் புதிய மாகாணத் தலைவர், மேற்கொண்டு யாருக்கும் ஞானஸ்நானம் தரக்கூடாது என்று நொபிலிக்குத் தடை போட்டார். ஏற்கெனவே சேர்ந்தவர்களை வீட்டில் சேர்க்க மாட்டார்கள். சேரத் தயாராக வந்தவர்களுக்கு வாசல் மூடியிருந்தது. குடும்பமும் இல்லை, சபையும் முழுசாக இல்லை. தீர்ப்பு வரும்வரை காத்திரு என்றால் எத்தனை வருஷம்? ஒரு கடிதம் ரோம் போய்ப் பதில் வர அன்று கிட்டத்தட்ட இரண்டு வருஷம்.

கோவா மாநாடு: 1619

நொபிலி சும்மா இருக்கவில்லை. லத்தீனில் பக்கம் பக்கமாக எழுதினார். அவருடைய வாதம் இதுதான்: குடுமி, பூணூல், சந்தனம், குளியல் இவையெல்லாம் மத அடையாளங்கள் இல்லை. குலத்தையும் படிப்பையும் காட்டும் சமூக அடையாளங்கள், நம்ம ஊர் பிரபுக்கள் இடுப்பில் வாள் கட்டுவது மாதிரி. இதற்கு அவர் சமஸ்கிருத நூல்களில் இருந்தே ஆதாரம் காட்டினார். பழைய ரோமானியர்களின் பழக்கங்களை ஆரம்பகாலத் திருச்சபை சுவீகரித்த உதாரணங்களையும் அடுக்கினார். பெர்னாண்டஸும் பிராமணச் சடங்குகளைப் பற்றி 1616-ல் ஒரு நூல் எழுதி, இல்லை, இதில் எல்லாமே மதம்தான் என்று நிறுவப் பார்த்தார். யார் சரி? சடங்கை மட்டும் பார்த்தால் பெர்னாண்டஸ் பக்கம் நியாயம் அதிகம் என்றே சொல்லலாம். பூணூல் கல்யாணத்தில் மந்திரம் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது. மதம் தனி, சமூகம் தனி என்று கோடு போட்டுப் பிரிக்கும் பழக்கம் இங்கே இல்லை. அந்தக் கோட்டை நொபிலிதான் போட்டார்.

போப் ஐந்தாம் பால், இரண்டு பேராயர்களும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள் என்று உத்தரவு அனுப்பினார். 1619 பிப்ரவரியில் கோவாவில் மாநாடு கூடியது. நொபிலி அங்கேயும் காவியோடுதான் போனார். கோவா அதிர்ந்தது. தலைமை தாங்கிய பேராயர் டி சா முதலில் இருந்தே எதிர்ப்பு. வயதான ரோஸ் ஆதரவு. இன்குவிசிஷன் அதிகாரிகளில் இரண்டாமவரான அல்மெய்டா, யாரும் எதிர்பார்க்காத வகையில் நொபிலிக்கு ஆதரவாக எழுதினார். ஆனாலும் பெரும்பான்மை எதிர்ப்புதான். கோவாவில் நொபிலி தோற்றார்.

வாக்குகள் எல்லாம் கட்டுக்கட்டாக லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போயின. லிஸ்பனில் தலைமை இன்குவிசிட்டர் நொபிலி பக்கம் சாய்ந்தார். மருமகன் பரங்கிகளைப் பழித்துக்கொண்டு இந்து ஆகிவிட்டான் என்று முதலில் கோபப்பட்ட கர்தினால் பெல்லார்மினும், விளக்கங்களைப் படித்துவிட்டு மனம் மாறினார். தீர்ப்பைப் பார்க்காமலே 1621-ல் இறந்தார்.

ரோமில் ஃபைலைக் கடைசியாகக் கையில் எடுத்தவர் இன்னொரு பேராயர். அயர்லாந்தின் அர்மா நகரத்துக்குப் பேராயர், பெயர் பீட்டர் லொம்பார்ட். அர்மாவை அவர் ஆள முடியவில்லை. அயர்லாந்து இங்கிலாந்தின் சீர்திருத்த அரசின் பிடியில் இருந்ததால், கத்தோலிக்கப் பேராயரான அவர் ரோமிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். மதச் சண்டையில் சொந்த மக்களைப் பிரிந்து இருந்த அந்த மனிதர்தான், மதுரைக்காரர்கள் அவர்கள் குடுமியோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பரிந்துரைத்தார்.

1623 ஜனவரி 31. போப் பதினைந்தாம் கிரகோரி ஆணை வெளியிட்டார். குடுமி, பூணூல், சந்தனம், குளியல் நான்குக்கும் நிபந்தனைகளோடு அனுமதி. மந்திரம் கூடாது, கோயில் பூசாரி கையால் வாங்கக் கூடாது. ஆணையின் கடைசியில் இன்னொரு விஷயமும் இருந்தது. உயர்ந்த குலத்தவர் தாழ்ந்தவர்களை இழிவாகப் பார்க்கக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று போப் மன்றாடிக் கேட்டிருந்தார்.

முதல் பகுதி உடனே அமலுக்கு வந்தது. கடைசிப் பகுதிக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சேந்தமங்கலம், சேலம்

ஆணை கப்பலேறி இந்தியா வந்து சேரும் முன்பே நொபிலி கிளம்பிவிட்டார். மதுரையை சக துறவி அந்தோனியோ வீகோவிடம் ஒப்படைத்துவிட்டு 1623-ல் வடக்கே நடந்தார். திருச்சி, அங்கிருந்து காவிரியைத் தாண்டி சேந்தமங்கலம்.

ராமச்சந்திர நாயக்கரின் வரவேற்பில் அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். இடம் தருவதற்கும் நாயக்கர் தயாராக இருந்தார். நொபிலி சேலத்துக்குப் போனார். அங்கே நிலைமை தலைகீழ். தங்க யாரும் வீடு தரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பாழ் மண்டபத்தில் பல நாள் கிடந்து, காய்ச்சலும் வந்தது. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் பேச வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் முக்கியமானவர் திருமங்கல நாயக்கர். சேலத்தை ஆண்டவரின் சகோதரர், ஆனால் அதிகாரத்தை இழந்தவர். 1625-ல் அவரும் குடும்பத்தினரும் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். சேலம் பக்கம் மோரமங்கலத்தில் ஒரு சபை உருவானது. கொல்லிமலையின் மேற்கிலும் வடக்கிலும் இருந்த சமவெளி இப்படித்தான் மதுரை மிஷனின் வரைபடத்துக்குள் வந்தது.

இந்த சமயத்தில்தான் ரோஸும் இறந்தார், 1624 பிப்ரவரியில். எதிராளியான டி சா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பேராயர்கள் இருவரும் போய்விட்டார்கள், அவர்கள் சண்டையில் பிறந்த ஏற்பாடு மட்டும் கிராமங்களில் தங்கியது.

தனிக் குரு, தனிக் கோயில்

அது என்ன ஏற்பாடு? பிராமண சந்நியாசி போல வாழும் குரு, ஒடுக்கப்பட்ட சாதியினரின் தெருவுக்குள் போக முடியாது. போனால் மற்றவர்கள் அவரிடம் வர மாட்டார்கள். அவர்கள் இவரிடம் வரவும் முடியாது. நொபிலி கட்டிய வழியின் விலை இதுதான், அது அவருக்கும் தெரிந்திருந்தது. திருச்சிப் பக்கம் பறையர் சமூகத்தில் இருந்து நிறையப் பேர் வரத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் முற்றியது.

அவர் கண்டுபிடித்த தீர்வு, இன்னொரு வகைக் குரு. 1640-ல் பல்தசார் ட கோஸ்டா என்ற போர்த்துகீசியத் துறவி பண்டாரசாமி ஆனார். சைவப் பண்டாரங்கள் எல்லாச் சாதியினரோடும் பழகலாம். அந்த மாதிரியில் இவரும் உடை உடுத்தி ஊர் ஊராகப் போனார். மிஷன் வேகமாக வளர்ந்தது இந்தப் பண்டாரசாமிகள் காலில்தான். நொபிலியின் சந்நியாசி வேஷம் புகழ் பெற்றது, கிராமங்களை நிரப்பியது பண்டாரசாமிகள்.

ஆனால் மேல்சாதிக்கு ஒரு குரு, மற்றவர்களுக்கு ஒரு குரு, ஆளுக்கு ஒரு கோயில் என்ற வழக்கம் இப்போது உறுதியாகிவிட்டது. 1610-ல் பெர்னாண்டஸ் பயந்தது அதைத்தான்.

கொடுங்கல்லூர் நாற்காலியின் சண்டையும் முடியவில்லை. ரோஸுக்கு இரண்டு பேர் தள்ளி வந்த பேராயர் கர்சியாவை எதிர்த்து, 1653-ல் மட்டாஞ்சேரியில் தோமா கிறிஸ்தவர்கள் கூனன் குருசு சத்தியம் செய்தார்கள். கேரளத்தில் கிராமம் கிராமமாக, ஒரே குடும்பத்துக்குள்ளேகூட, சபை இரண்டானது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதலாம்.

சிறை, யாழ்ப்பாணம், மயிலாப்பூர்

1640-ல் மதுரையில் நொபிலி கைதானார். சில மாதங்கள் சிறை. அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது, கண்பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. திருமலை நாயக்கர் காலம் அது. விடுதலையான பிறகும் சில ஆண்டுகள் மதுரையில் இருந்தார். 1640-களின் நடுவில் மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து மயிலாப்பூர்.

மயிலாப்பூரில் போர்த்துகீசியக் குடியிருப்பு இருந்தும் அவர் அதற்கு வெளியே ஒரு குடிசையில்தான் இருந்தார். கண் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. அதே சைவச் சாப்பாடு. பழைய நூல்களைத் திருத்தி, சொல்லச் சொல்ல எழுத வைத்தார். 1656 ஜனவரி 16 அன்று இறந்தார்.

ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் என்று அவர் விட்டுப்போன தமிழ் உரைநடை நூல்கள் வீரமாமுனிவருக்கு முந்தைய தலைமுறைகளைச் சேர்ந்தவை. தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. வடமொழி தூக்கலாக இருக்கும், இன்று படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிறிஸ்தவர்கள் கோயில், பூசை, பிரசாதம், குரு என்றெல்லாம் புழங்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எசூர்வேதம் என்ற போலி வேதத்தை எழுதியவர் என்றும் பின்னால் அவர் மேல் ஒரு பழி விழுந்தது. பிரான்ஸின் வால்டேர் அதை அசல் வேதம் என்றே நம்பினார். அந்த நூல் நொபிலி எழுதியது அல்ல.

அந்தக் கடைசிப் பத்திக்கு என்ன ஆச்சு?

1704-ல் போப்பின் தூதர் டூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டு, நொபிலி வழியில் வந்த பல பழக்கங்களுக்குத் தடை போட்டார். நாற்பது வருஷம் இழுபறி. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு சொன்னார்: சடங்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடை. பறையர்கள் வீட்டுக்குக் குருக்கள் போகத் தயங்கியதால், அவர்களுக்கென்றே தனி மிஷனரிகளை நியமிப்பது என்றும் ஏற்பாடானது. அதாவது பூணூலுக்கு அனுமதி வந்து 121 வருஷம் கழித்து, பிரிவினையைத் தீர்ப்பதற்கான வழியாகக் கிடைத்ததும் இன்னொரு பிரிவினைதான்.

நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு ஊரில் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். பீடம் ஒன்று, அதில் இருந்து இரண்டு கால்கள் மாதிரிப் பிரியும் இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒன்று, நடுவில் சுவர். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தப்பு என்று வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறை இருக்கிறது. உள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்களைப் புதைக்கிறார்கள், மறுபக்கம் மற்றவர்களை. அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. அங்கிருந்து சேந்தமங்கலத்துக்கு இப்போது பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்.